பழனாத்தாள் கோத்து வைத்த தேதிகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசிக்கத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு தடவை பேரனின் பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். இரண்டு தடவையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். வேலையில் செய்த தப்பைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் இந்தத் தப்புக்குப் பக்கத்தில் என் சாமியும் நிற்கிறார். அதுதான் தயக்கம். “அன்னைக்கு மில்லே சிரிச்சது பத்தாதுங்களா, எழுதி வெச்சு இன்னும் நாலு பேரு சிரிக்கோணுமா?” என்று என் வீட்டுக்காரி கேட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான்.

போன மாதம் மில்லுக்கு வந்திருந்தேன். கம்ப்யூட்டர் அறையில் நீங்கள் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தீர்கள். நான் யாரென்று தெரியாமல் உங்களில் ஒருவர் என்னிடமே இந்தக் கதையைச் சொன்னார். யாரோ ஒரு பக்தர் சந்தனத்தைக் கொட்டிக் கம்ப்யூட்டரைக் கெடுத்த கதையாக அது இருந்தது. பக்கத்தில் இருந்தவர், “இல்லடா, சந்தனம் வெச்சதாலதான் கணக்கு சரியா வந்துச்சாம்” என்றார். இரண்டும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாவது முறையாக நோட்டை எடுத்துவிட்டேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்ததால் வாளையார் நூற்பாலையில் டெலக்ஸ் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. டெலக்ஸ் என்றால் உங்களுக்குத் தெரியாது. தட்டச்சு மாதிரி ஒரு கருவி. பம்பாயில் ஒருவர் தட்டினால் கம்பி வழியாக வந்து வாளையாரில் எங்கள் தாளில் எழுத்து விழும். கூடவே ஒரு காகித நாடாவில் துளையும் விழும். ஓர் எழுத்துக்கு நாடாவின் அகலத்தில் ஐந்து இடம். எந்தெந்த இடத்தில் துளை இருக்கிறது என்பதை வைத்து அது என்ன எழுத்து, என்ன எண் என்று சொல்லிவிடலாம். சில வருஷத்தில் நாடாவைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே படிக்க எனக்கு வந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில் பம்பாய்த் தலைமை ஆபீஸ், தான் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை லாரியில் ஏற்றி எங்களுக்கு அனுப்பியது. அப்போதே அது பழைய சாமான். செய்த சீமைக் கம்பெனி அந்த மாதிரியை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. மூன்று பீரோவைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும். அதற்குத் தீனி காகித நாடாதான். ஒரு விளக்குக்கும் ஒரு மின்கண்ணுக்கும் நடுவே நாடா ஓடும். துளை வழியாக வெளிச்சம் பட்டால் உண்டு, படாவிட்டால் இல்லை. அந்த இயந்திரத்துக்கு இந்த உலகத்தில் அது ஒன்றுதான் தெரியும்.

நீங்கள் இன்று ஒரு பொத்தானை அழுத்திப் புரோகிராமை இறக்கிக்கொள்கிறீர்கள். நாங்களும் இறக்கினோம். டெலக்ஸ் கம்பியில், துளை துளையாக.

இயந்திரத்தோடு கூட பம்பாயிலிருந்து ஓர் என்ஜினீயர் வந்தார். பெயர் சொல்லக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாலக்காட்டுக் கோயில் தெருவில் பிறந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். சாமி பூதம் ஒன்றும் அவருக்குக் கிடையாது. காலையில் சிகரெட்டு, மத்தியானம் சிகரெட்டு. கம்ப்யூட்டர் அறைக்குள் மட்டும் சிகரெட்டும் கிடையாது, செருப்பும் கிடையாது. நூற்பாலையில் பஞ்சுத் தூசிக்குக் குறைவா? அதனால் வெளியே செருப்பைக் கழற்றி, கால் கழுவி, துடைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். செருப்பைக் கழற்றிக் கால் கழுவி ஓர் இடத்துக்குள் நுழைந்தால் என் கை தானாகக் குவியும். நான் வளர்ந்த விதம் அப்படி. முதல் நாள் நான் அந்த இயந்திரத்தைக் கும்பிட்டபோது அவர் பார்த்துவிட்டு, “அது பதில் நமஸ்காரம் பண்ணாதாக்கும், கேட்டேளா” என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மில்லில் பதிலி ஆட்கள் என்று நூற்றுக்கு மேல் இருந்தார்கள். நிரந்தர ஆள் வராத நாளில் அவர் இடத்தில் நிற்பவர்கள். காலையில் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்கள். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதுதான். ஒரு வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தவரை நிரந்தரம் ஆக்குவதாக அந்த வருஷம் ஒப்பந்தம் ஆயிற்று. யார் எத்தனை நாள் என்பதில்தான் சண்டை. மேஸ்திரிகள் எழுதிய ரிஜிஸ்டரில் அவரவர் மச்சானும் மருமகனும் நாள் தவறாமல் வந்திருந்தார்கள். சொந்தக்காரர் இல்லாதவர் எல்லாம் வராதவர்களாக இருந்தார்கள். உள்ளே போகும்போது ஒவ்வொருவரும் கேட்டில் போடும் டோக்கன் பதிவை வைத்துக் கம்ப்யூட்டர் எண்ணட்டும், அதற்கு மச்சான் கிடையாது என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். மானேஜர் அரை மனதாக ஒத்துக்கொண்டார். பாலக்காட்டிலிருந்து லேபர் ஆபீசர் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வருவார். அதற்குள் கம்ப்யூட்டர் பட்டியல் வந்தால் அது. வராவிட்டால் ரிஜிஸ்டர்.

டோக்கன் பதிவுகளை ஆறு மாதமாக நாடாவில் ஏற்றி வைத்திருந்தோம். எண்ணுகிற புரோகிராம்தான் இல்லை. பம்பாயில் அதை எழுதி முடித்தபோது செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. தபாலில் போட்டால் வெள்ளி தாண்டிவிடும். “கம்பியிலே வாங்கிடலாம்” என்றார் என்ஜினீயர்.

செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க மழை. இடி இடித்தபோதெல்லாம் டெலக்ஸில் எழுத்து பேதலித்தது. நாடாவை இயந்திரத்தில் போட்டால் பத்து அடி ஓடி நின்றுவிட்டது. புதன்கிழமை வானம் வெளுத்தது. பம்பாயை மறுபடி அழைத்து முழுப் புரோகிராமையும் இரண்டு தடவை அனுப்பச் சொன்னோம். இரண்டு நாடாவையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டும் ஒத்துப்போனால் எல்லாத் துளையிலும் வெளிச்சம் தெரியும். எங்காவது ஒன்று அடைபட்டுத் தெரிந்தால் அங்கே இரண்டில் ஒன்று பொய். அப்படி ஒன்பது இடம் இருந்தது. அந்த இடங்களை மட்டும் பம்பாயிடம் மூன்றாவது முறை கேட்டு வாங்கி, வெட்டி ஒட்டினேன். புதன் பொழுது சாய்வதற்குள் இரண்டு நாடாவும் துளைக்குத் துளை பொருந்தின. ஒரு நாடாவை இயந்திரத்தில் போட்டோம். பத்துப் பேருடைய கணக்கைக் கொடுத்துப் பார்த்தோம். நிற்காமல் ஓடியது. கையால் எண்ணிய எண்ணிக்கையும் அதுவும் ஒன்றாக இருந்தது.

என்ஜினீயர் சிகரெட்டுக்காக வெளியே போகும்போது சொன்னார்: “ஆறுச்சாமி, இனி அந்த நாடா மேலே ஒரு ஈ கூட உக்காரப்படாது. பாத்துக்கோங்கோ.”

மறுநாள் வியாழன், கிருத்திகை. நான் மாதா மாதம் கிருத்திகைக்கு விரதம் இருப்பவன். விடிந்ததும் குளித்து, முருகன் கோயிலில் அபிஷேகம் பார்த்து, இலையில் கொஞ்சம் சந்தனம் வாங்கிக்கொண்டு நேரே மில்லுக்கு வந்தேன். என்ஜினீயர் இன்னும் வரவில்லை. கால் கழுவி உள்ளே போனேன். நூறு குடும்பத்தின் சோற்றுக்கு வழி இந்த நாடாவில் இருக்கிறது, நல்லபடியாக முடித்துக்கொடு என்று வேண்டினேன். நாடாவின் தொடக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் துளை எதுவும் இருக்காது. இயந்திரத்தில் கோப்பதற்காக விட்ட வெறும் காகிதம். அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். துளை இருக்கும் பக்கம் என் விரல் போகவே இல்லை. பொட்டு வைத்துவிட்டு, இருந்தபடியே நாடாவைச் சுருட்டி வைத்தேன்.

என்ஜினீயர் வந்தார். எல்லோருடைய கணக்கையும் ஓட்டினோம். உச்சிக்குள் பட்டியல் வந்துவிட்டது. கடைசி வரியில், ஏற்க முடியாத பதிவுகள் என்று ஓர் எண் இருந்தது. முந்நூற்றுச் சொச்சம். “என்ன சார் இது?” என்று கேட்டேன். “டோக்கனை நாடாவிலே ஏத்தறச்சே கை தப்பியிருக்கும். இத்தனை ஆயிரத்திலே முந்நூறு எல்லாம் சகஜமாக்கும்” என்றார். நானும் சகஜம் என்றே நினைத்தேன். பட்டியலை கேட்டில் ஒட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

பிள்ளைகளே, கடைசி வரியில் இருக்கும் எண்ணைச் சகஜம் என்று சொல்லித் தாண்டாதீர்கள். நான் தாண்டினேன்.

இரண்டு மணி இருக்கும். வெளியே ஒரு பெண் குரல். நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் பதிலியாக இருந்த பழனாத்தாள். எங்கள் பக்கத்து ஊர்க்காரி. தலையெல்லாம் பஞ்சு.

“ஏனுங்ண்ணா, உங்க மிசினு என்னைய நாலு நாளு ஊட்டுல குந்த வெச்சிருச்சாட்டங்குது?”

“என்ன அம்மிணி?”

“பட்டியல்ல எனக்கு இருநூத்தி முப்பத்தெட்டுன்னு போட்டிருக்குதாமா. எம்பட கணக்குல இருநூத்தி நாப்பத்திரெண்டுங்க.”

“மிசின் பொய் சொல்லாது அம்மிணி. உனக்குத்தான் எண்ணிக்கை தப்பியிருக்கும்.”

“மிசினு பொய் சொல்லாதுங்க, செரி. நான் மட்டும் சொல்லுவனுங்களா? அந்த மிசினு ஒரு நாளாச்சும் பஞ்சுக்குள்ள நின்னிருக்குதுங்களா?” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கோயிலில் நின்றபோதும் அந்தப் பேச்சு காதிலேயே இருந்தது. இருநூற்று முப்பத்தெட்டு. இரண்டு நாள் குறைவு. அதற்காக அவள் இன்னொரு வருஷம் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அடுத்த வருஷம் இந்த ஒப்பந்தம் இருக்குமோ இருக்காதோ. தீபாராதனை காட்டினார்கள், நான் சரியாகக் கும்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அவள் கம்ப்யூட்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பொட்டலம். அவிழ்த்தாள். தினசரி காலண்டர் தாள்கள். தேதியைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்களே, அந்தத் தாள்கள். நடுவில் ஓட்டை போட்டு மில் நூலில் வரிசையாகக் கோத்திருந்தாள்.

“எனக்கு எழுதத் தெரியாதுங்ண்ணா. வேலைக்குக் கூப்பிட்ட அன்னைக்கு ஊட்டுக்குப் போனதும் அன்னன்னைத் தாளக் கிழிச்சுக் கோத்துருவேன். திலுப்பி அனுப்புன அன்னைக்குத் தாளு அடுப்புக்கு. வேணும்னா எண்ணிக்குங்க.”

எண்ணினேன். இருநூற்று நாற்பத்திரண்டு.

என்ஜினீயர் வந்ததும் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “காலண்டர் தாள் யார் வேணும்னாலும் கோக்கலாம், ஆறுச்சாமி.”

“கோக்கலாமுங்க சார். ஆனா இவிய டோக்கன் நெம்பருக்கு மட்டும் நாளை ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்துரலாமுங்க. தப்பு அவியளுதுன்னா நான் சொல்லி அனுப்பறன். எனக்கு மனசு ஆறலீங்க.”

அவர் செருப்பைக் கழற்றினார்.

இயந்திரம் அவளுடைய நாள்களை வரிசையாக அடித்துக் கொடுத்தது. என்ஜினீயர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தாளைப் படித்தார். பழனாத்தாள் படியில் உட்கார்ந்து நூலிலிருந்து ஒவ்வொரு தாளாக உருவினாள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து நான் கோடு போட்டேன். நூலை என் கையில் கொடுக்க அவள் சம்மதிக்கவில்லை. ஒரு மாதம் முடியும்போது ஒரு தாள் மிஞ்சியது. ஓரமாக வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பதினொரு மணிக்கு எல்லாத் தாளும் உருவி முடித்தபோது நான்கு தாள் தனியாக இருந்தது.

படிக்கத் தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் என்ன மாதம், என்ன கிழமை என்று பார்த்துக்கொண்டிருந்தோம். படிக்காதவள்தான் சொன்னாள்: “ஏனுங்க, நாலு தாள்லயும் ஒரே நெம்பருதானுங்க இருக்குது.”

நான்கும் முப்பத்தொன்று.

என்ஜினீயர் எழுந்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். “இந்த அம்மாவுக்கு மட்டும் இல்லை. எல்லாருக்கும் முப்பத்தொண்ணாம் தேதி போயிருக்கும். அந்த முந்நூறு அதுதானாக்கும்” என்றார். உள்ளே போய் டெலக்ஸில் வந்த புரோகிராம் தாளை விரித்தார். தொடக்கத்திலேயே ஒரு வரி இருந்தது. தேதி முப்பத்தொன்றுக்கு மேல் இருந்தால் அது தவறான பதிவு, தள்ளிவிடு என்று. “தாள்லே முப்பத்தொண்ணுன்னு சரியா இருக்கு. நாடாவிலே பாருங்கோ.”

நான் நாடாவை எடுத்து விரலை ஓட்டினேன். மூன்று வந்தது. அடுத்தது ஒன்று வர வேண்டும். ஒன்று என்ற எண்ணுக்கு நான்கு துளை. என் விரலில் மூன்றுதான் பட்டது. முதல் துளையை அடைத்துவிட்டால் ஒன்று சுழியாகிவிடும். முப்பத்தொன்று முப்பதாகிவிடும், முப்பத்தொன்றாம் தேதி எல்லாம் தவறென்று தள்ளுபடி ஆகிவிடும். துளை இருக்க வேண்டிய இடத்தில் சொரசொரவென்று ஏதோ இருந்தது.

வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சளாக, கடுகில் பாதி அளவு.

என்ஜினீயர் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நாடாவின் முன்பகுதியைப் பார்த்தார். என் பொட்டு அங்கே இருந்தது. பொட்டு காய்வதற்குமுன் நான் நாடாவைச் சுருட்டியிருந்தேன். ஈரச் சந்தனம் அடுத்த சுற்றில் ஒட்டிக்கொண்டு, ஒரே ஒரு துளையை அடைத்து, காய்ந்துவிட்டது.

எனக்கு உட்காரத்தான் தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன், தரையில்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஒரு ஊசி இருக்கோ?” என்று கேட்டார். வாசலில் இருந்த பழனாத்தாள் தாலிச் சரட்டிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி நீட்டினாள். அதன் முனையால் நானே துளையைத் திறந்தேன். ஊதித் துடைத்து, புதன்கிழமை வந்த இன்னொரு நாடாவின்மேல் வைத்து முழு நீளத்தையும் மறுபடி வெளிச்சத்தில் பார்த்தோம். எல்லாம் பொருந்தியது. இயந்திரத்தில் போட்டோம். இரண்டரை மணிக்குப் புதுப் பட்டியல் வந்தது. கடைசி வரியில் ஏற்க முடியாத பதிவுகள் ஏழு. பழனாத்தாள் இருநூற்று நாற்பத்திரண்டு. நேற்று விடுபட்ட இன்னும் ஒன்பது பேர் இருநூற்று நாற்பதைத் தாண்டியிருந்தார்கள்.

பட்டியலைக் கிழித்து மடித்துக்கொண்டே என்ஜினீயர் மெதுவாகச் சொன்னார்: “ஆறுச்சாமி, நான் ஒண்ணு சொல்றேன். லைன் கோளாறுன்னு சொல்லிடலாம். செவ்வாக்கிழமை இடி இடிச்சது மில்லுக்கே தெரியும். யாரும் மேலே கேக்கமாட்டா. உங்களுக்கு நாலு குழந்தைகள்.”

நான் உடனே வேண்டாம் என்று சொன்னதாக நினைக்காதீர்கள். சரி என்றுதான் தலையாட்டினேன். மானேஜர் அறை வரைக்கும் அந்த நினைப்போடுதான் நடந்தேன்.

லேபர் ஆபீசர் வந்துவிட்டிருந்தார். தொழிலாளர் பக்கம் நான்கு பேர் நின்றார்கள். மானேஜர் மேஜைமேல் நேற்றைய பட்டியல் ஒன்று, ரிஜிஸ்டர் ஒன்று. என்ஜினீயர் புதுப் பட்டியலை வைத்து, டெலக்ஸ் கம்பிக் கோளாறினால் நேற்றுத் தவறு வந்தது, திருத்திவிட்டோம் என்றார்.

மானேஜர் நாற்காலியில் சாய்ந்தார். “நேத்து ஒரு பட்டியல், இன்னைக்கு ஒரு பட்டியல். கம்பியில ஒரு எடத்துல கோளாறுன்னா இன்னும் எத்தனை எடத்துல இருக்குதோ, யாருக்குத் தெரியும்? இந்த ஓட்டை மிசினை நம்பி நான் கையெழுத்துப் போட முடியாதுங்க. ரிஜிஸ்டர் இருக்குது.”

“அதும் நியாயம்தான்” என்றார் லேபர் ஆபீசர். அவர் மலையாளி, தமிழ் பேசுவார். “எவிடெயொக்கெ தெற்று உண்டு என்று அறியாதெ நான் எப்படி ஒப்பிடும்?” எங்கெல்லாம் தவறு என்று தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ‘கம்பிக் கோளாறு’ பதில் ஆகாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோளாறு எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் அது ஓர் இடத்தோடு நின்றது என்பதையும் காட்ட முடியும். என் பெயரைக் காப்பாற்றும் பொய், அந்தப் பத்துப் பேரின் வேலையை ரிஜிஸ்டருக்குள் தள்ளிவிடும். கதவுப் பக்கம் பார்த்தேன். பழனாத்தாள் நூலையும் தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தாள்.

முருகா என்று ஒரு தடவை மனதுக்குள் சொன்னேன். வேறு எதுவும் வேண்டவில்லை.

“கம்பிக் கோளாறு இல்லீங்க. நான் வெச்ச சந்தனப் பொட்டுங்க” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். கிருத்திகை, அபிஷேகம், பொட்டு, காயாமல் சுருட்டியது. பாதியில் மானேஜர் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். தொழிலாளர் பக்கத்தில் ஒருவர், “அடுத்த தடவை பொங்கலு வெச்சுப் படைச்சுருங்ண்ணா, மொத்தமா நின்னுக்கும்” என்றார். என் காது சுட்டது. ஆனாலும் சொல்லி முடித்தேன். முடித்துவிட்டு இரண்டு நாடாவையும் எடுத்து, “ஐயா ஒருக்கா ஜன்னலுக்கு வரோணுமுங்க” என்று லேபர் ஆபீசரைக் கூப்பிட்டேன்.

அவர் சிரிக்காமல் எழுந்து வந்தார். ஒரு நாடாவின்மேல் இன்னொன்றை வைத்து, அங்குலம் அங்குலமாக அவர் கண்முன் நகர்த்தினேன். சந்தனக் கறை ஒட்டியிருந்த இடத்தைக் காட்டினேன். அந்தத் துளையைச் சுற்றி மட்டும் மஞ்சள் வட்டம். அதற்கு முன்னும் பின்னும் வேறு கறை கிடையாது. எல்லாத் துளையிலும் வெளிச்சம். அவர் பழனாத்தாளின் நான்கு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். ரிஜிஸ்டரைத் திறந்து, அதில் அவள் பெயரில் அந்த வருஷத்துக்கு எத்தனை நாள் எழுதியிருக்கிறது என்று பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றொன்று.

ரிஜிஸ்டரை மூடினார். “வேறெ தெற்று எவிடெயும் இல்லையா?”

“இல்லீங்க. இருந்துச்சுன்னா என்னைய வேலையை விட்டு எடுத்துருங்க.”

“எடுக்கறது நான் பாத்துக்கறேன்” என்றார் மானேஜர். ஆனால் லேபர் ஆபீசர் பேனாவைத் திறந்துவிட்டார். கம்ப்யூட்டர் பட்டியலில்தான் கையெழுத்து விழுந்தது.

வெளியே வந்தபோது பழனாத்தாள் என்னிடம் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையை நீட்டினாள். “ஊக்கைக் குடுங்ண்ணா. இரவல் பொருளு.”

கொடுத்தேன். வாங்கி மாட்டிக்கொண்டு சொன்னாள்: “நேத்து மிசினு பொய் சொல்லாதுன்னீங்க. இன்னைக்கு நீங்களும் சொல்லலீங்க. செரி, கணக்கு நேராப் போச்சு.”

எனக்கு மெமோ வந்தது. ஒரு வருஷம் இன்கிரிமெண்டை நிறுத்தினார்கள். ‘சந்தன ஆபரேட்டர்’ என்ற பெயர் நான் ஓய்வு பெறும் வரைக்கும் போகவில்லை. அவள் நிரந்தரம் ஆனாள். ஆன பிறகும் தாள் கோப்பதை விடவில்லை என்று கேள்விப்பட்டேன். எதற்கு என்று ஒருவர் கேட்டதற்கு, “நாளைக்கு வேற மிசினு வருமுங்கல்லொ?” என்றாளாம்.

அடுத்த கிருத்திகையன்று நான் சந்தனம் கொண்டுபோகவில்லை. வெறும் நெற்றியோடு அறைக்குள் போய் வேலையைத் தொடங்கினேன். என்ஜினீயர் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏன், சாமியோட சண்டையோ?” என்றார்.

“சண்டை இல்லீங்க சார். பயம்.”

அவர் எழுந்துபோய் இயந்திரத்தின் இரும்புக் கதவைத் தட்டிக் காட்டினார். “இங்கே வையுங்கோ. இதிலே துளை கிடையாது.” அன்று வைக்க என்னிடம் சந்தனம் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அங்கே வைத்தேன். அந்த இயந்திரத்தைக் கழித்துக்கட்டும் வரைக்கும் அது தவறவில்லை.

அன்று நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். சரிபார்த்து முடித்த பிறகு ஒரு பொருளைத் தொட்டால், அன்போடு தொட்டாலும், பக்தியோடு தொட்டாலும், மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். நான் செய்த குற்றம் பொட்டு வைத்தது அல்ல. வைத்த பிறகு பார்க்காதது. அடுத்தது, இயந்திரம் சொல்லும் எண்ணுக்கு எதிராக ஒருவர் வந்து நின்றால், அவர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். தவறு உங்களுடையது என்று தெரிந்தால், அது எந்தத் துளை என்று பேர் சொல்லிக் காட்டுங்கள். மழுப்பிச் சொன்னால் உங்கள் சரியான வேலையும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடும்.

என் சாமி அன்று எந்த அற்புதமும் செய்யவில்லை. எதையும் கெடுக்கவும் இல்லை. நான் கேட்டது நூறு குடும்பத்தின் நன்மை. அது நடக்க என் வாய் திறக்க வேண்டியிருந்தது, திறக்க வைத்தார். நான் அப்படித்தான் நம்புகிறேன். நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களுக்குப் பின்னால் அந்த அறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சிரிப்புக்காகப் பாதியை விட வேண்டாம். பக்திக்காகப் பாதியைச் சேர்க்கவும் வேண்டாம். பொட்டையும் சொல்லுங்கள், ஊக்கையும் சொல்லுங்கள், படிக்கத் தெரியாத ஒருத்திதான் முப்பத்தொன்றைக் கண்டுபிடித்தாள் என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை இதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், எல்லாத் துளையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும்.